கருவிழிப் பூஞ்சைப் புண்ணுக்கு இன்னும் ஏன் அந்தப் பழைய சொட்டு மருந்து?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. நெல் அடிக்கும்போது வலக்கண்ணில் உமி பட்டது. மருந்துக்கடையில் ஏதோ சொட்டு மருந்து வாங்கிச் சில நாள் விட்டார், வலி கூடியது. இப்போது கண் மருத்துவமனையில் பூஞ்சைப் புண் என்று சொல்லி, நாட்டமைசின் என்ற மருந்தை மணிக்கொரு முறை விடச் சொல்லியிருக்கிறார்கள். விசாரித்தால் அது 1950களில் கண்டுபிடித்த மருந்தாம். வோரிகோனசோல் என்று புதியது இருக்கும்போது இதை ஏன் தருகிறார்கள்? செலவுக்கு நாங்கள் தயார். இந்த நோய்க்கு ஆராய்ச்சி ஏதாவது நடக்கிறதா? முதலிலேயே தடுத்திருக்க முடியுமா?

பதில்:

செலவைப் பார்த்து உங்கள் அப்பாவுக்கு மட்டமான மருந்தைத் தரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கும் அதே புதிய மருந்தோடு இந்தப் பழைய மருந்தை நேருக்கு நேர் நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். பழையதுதான் வென்றது. சோதனை நடந்ததும் அமெரிக்காவில் அல்ல, நம் ஊரில், உங்கள் அப்பாவைப் போன்ற விவசாயிகளிடம்தான். நான் சிகிச்சை தரும் மருத்துவன் அல்ல. கண் புண்ணில் சுரண்டி எடுத்ததை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் ஆய்வகத்துக்காரன். எனவே மருந்தின் அளவு, மாற்றம் எல்லாவற்றையும் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நம் பகுதியில் இந்த நோய் எவ்வளவு பரவலானது என்பது நம்மவர்களுக்கே தெரியாது. 1993ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து மதுரை மாவட்டத்தில் பார்த்தபோது, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகத் தெரிந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் என்ற ஊர்ப்பகுதியில் 1980களில் கணக்கிட்டபோது கிடைத்த எண் 11. ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபாடு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் அடிபட்டதாகச் சொன்னார்கள். வளர்ப்புச் சோதனையில் கிருமி வளர்ந்தவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்டச் சரிபாதி. பூஞ்சைகளில் முதலிடம் ஃபியூசேரியத்துக்கு, அடுத்த இடம் ஆஸ்பர்ஜில்லஸுக்கு. குளிர் நாடுகளில் கருவிழிப் புண் என்றால் பெரும்பாலும் பாக்டீரியா, அதுவும் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு. இங்கே உமி, கரும்புத் தோகை, சோளத்தட்டை, மண், மாட்டின் வால். ஃபியூசேரியம் மண்ணிலும் பயிரிலும் வாழ்வது. கருவிழியில் ஒரு கீறல் கிடைத்தால் அதற்குப் போதும்.

உலக அளவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பூஞ்சைக் கருவிழிப் புண் வருவதாக 2021இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. பெரும்பங்கு ஆசியாவில். இவ்வளவு பேரைத் தாக்கும் நோய்க்கு மருந்து ஏன் இத்தனை குறைவு என்றால், காரணம் பூஞ்சையின் உடலமைப்பிலேயே இருக்கிறது. பாக்டீரியாவின் செல் நம் செல்லிலிருந்து வெகுவாக வேறுபட்டது. அதைக் குறிவைத்துக் கொல்வது எளிது. பூஞ்சை அப்படியல்ல. உயிரின வரிசையில் அது செடிகொடிகளைவிட விலங்குகளுக்கு நெருக்கமான உறவு. அதைக் கொல்லும் பல பொருள்கள் நம் செல்லையும் சேர்த்துக் கொல்லும். நமக்குக் கிடைத்த முக்கியமான வேறுபாடுகளில் ஒன்று, செல் சவ்வு. நம் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற வேறொரு பொருள் இருக்கிறது. நாட்டமைசின், ஆம்போடெரிசின், வோரிகோனசோலை உள்ளடக்கிய அசோல் வகை மருந்துகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே வேலை செய்கின்றன.

நாட்டமைசின் 1955இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே எடுத்த மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. கண்டெடுத்தவர்கள் டச்சு நிறுவனத்தார். இன்றும் சீஸ் கட்டிகளின் மேற்புறத்தில் பூசணம் பிடிக்காமல் இருக்க இதைப் பூசுகிறார்கள். உங்கள் அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். அமெரிக்காவில் கண் மருந்தாக அனுமதி கிடைத்தது 1978இல். இதன் குறைகளும் தெரிந்தவைதான். நீரில் கரையாது, பால் போன்ற கலங்கலாக இருக்கும், அடியில் படியும். ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். கருவிழிக்குள் ஆழமாக இறங்காது. அதனால்தான் மருத்துவர்கள் புண்ணின் மேற்பரப்பை அவ்வப்போது சுரண்டிவிடுகிறார்கள். வெள்ளையாகப் புண்ணில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து, புண் பெரிதாகிவிட்டது என்று பலர் பயப்படுவார்கள். மருந்தாகவும் இருக்கலாம், மருத்துவர் விளக்கொளியில் பார்த்துச் சொல்லட்டும்.

வோரிகோனசோல் 2002இல் வந்தது. நுரையீரலையும் உடல் முழுவதையும் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் நோயில் அது பழைய ஆம்போடெரிசினைத் தோற்கடித்தது. அந்தப் பெரிய சோதனையில் பன்னிரண்டு வார முடிவில் வோரிகோனசோல் பெற்றவர்களில் 70.8 விழுக்காட்டினரும், ஆம்போடெரிசின் பெற்றவர்களில் 57.9 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். இரத்தப் புற்றுநோய் வார்டுகளில் நடைமுறையே அதனால் மாறியது. கண்ணுக்குள்ளும் நன்றாக ஊடுருவுகிறது. சோதனைக் குழாயில் பலவகைப் பூஞ்சைகளைத் தடுக்கிறது. கண் மருத்துவர்கள் ஆசைப்பட்டதில் வியப்பில்லை. ஊசி மருந்துத் தூளைக் கரைத்துச் சொட்டு மருந்தாக்கி உலகெங்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒழுங்கான ஒப்பீட்டுச் சான்று வரும் முன்பே பல இடங்களில் அதுவே முதல் மருந்தாகிவிட்டது.

அரவிந்த் மருத்துவர்களும் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் நிறுவனத்தாரும் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்க்க இறங்கினார்கள். முதலில் 120 பேரை வைத்து ஒரு சிறு சோதனை. தெளிவான வேறுபாடு தெரியவில்லை. பிறகு 2010, 2011 ஆண்டுகளில் பெரிய சோதனை. 323 நோயாளிகள். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு, பிறகு மூன்று வாரம் வரை இரண்டு மணிக்கொரு சொட்டு. உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருக்கும் கடுமையான அட்டவணை இதைப் போன்றதுதான். கண்காணிப்புக் குழு இடையிலேயே சோதனையை நிறுத்தச் சொன்னது, ஏனென்றால் வோரிகோனசோல் பெற்றவர்களுக்கு நிலைமை மோசமாக இருந்தது. மூன்று மாத முடிவில் நாட்டமைசின் பெற்றவர்கள் எழுத்துப் பலகையில் சராசரியாக ஏறத்தாழ இரண்டு வரிசை கூடுதலாகப் படித்தார்கள். ஃபியூசேரியம் தாக்கியவர்களில் அந்த வேறுபாடு நான்கு வரிசை. கருவிழி ஓட்டையாவதோ அவசரமாகக் கருவிழி மாற்ற வேண்டி வருவதோ நாட்டமைசின் பிரிவில் ஏறத்தாழ பாதிதான். மற்றப் பூஞ்சைகளில் இரண்டு மருந்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2013இல் முடிவு வெளியானது.

ஏன் இப்படி? ஃபியூசேரியம் வோரிகோனசோலுக்கு எளிதில் மசிவதில்லை என்பது ஆய்வகத்தில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. உள்ளே நன்றாக இறங்கும் மருந்து அதே வேகத்தில் வெளியேறியும் விடுகிறது. அடுத்த சொட்டுக்குள் அளவு சரிந்துவிடலாம். நாட்டமைசின் மேலே வண்டலாகத் தங்கிக் கிடக்கிறது. பலகாலமாக அதன் குறை என்று சொல்லிவந்த குணமே இங்கே உதவியிருக்கலாம் என்பது என் எண்ணம். இதை யாரும் நிரூபித்துவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

அடுத்து வரும் கேள்வி, "சரி, சொட்டு மருந்து நாட்டமைசினாகவே இருக்கட்டும். கூடவே வோரிகோனசோல் மாத்திரை கொடுத்தால்?" இதையும் செய்து பார்த்தார்கள். பார்வை மிகவும் குறைந்துபோன, புண் முற்றிய 240 பேர், இந்தியாவிலும் நேபாளத்திலும். இந்தச் சோதனையில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. தொடக்கத்தில் எல்லோருக்கும் வோரிகோனசோல் சொட்டு மருந்துதான் கொடுத்துவந்தார்கள். 323 பேர் சோதனையின் முடிவு கையில் வந்ததும் நடுவிலேயே எல்லோருக்கும் நாட்டமைசினையும் சேர்த்துவிட்டார்கள். ஆராய்ச்சி நெறி என்பது ஏட்டில் மட்டும் இருப்பதல்ல என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இது. 2016இல் வந்த முடிவு: மொத்தத்தில் மாத்திரையால் ஓட்டை விழுவது குறையவில்லை, கல்லீரல் நொதி கூடுவது போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. ஃபியூசேரியம் நோயாளிகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் சிறிது பலன் இருக்கலாம் என்ற சாயல் தெரிந்தது. முற்றிய ஃபியூசேரியம் புண்ணுக்குச் சில மருத்துவர்கள் இன்றும் மாத்திரை சேர்ப்பது அதனால்தான். உங்கள் அப்பாவுக்கு எழுதவில்லை என்றால் அது கவனக்குறைவு அல்ல.

பிறகு கருவிழிக்குள்ளேயே ஊசியால் வோரிகோனசோலைச் செலுத்திப் பார்த்தார்கள், பலன் இல்லை. வைட்டமின் பி2 கரைசலை விட்டுப் புற ஊதாக் கதிர் பாய்ச்சும் முறை ஒன்று உண்டு. கருவிழி கூம்பிப்போகும் வேறொரு நோய்க்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. பூஞ்சைப் புண்ணுக்கும் உதவும் என்று பெரிதாகப் பேசப்பட்டது. 111 பேரிடம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள்: உதவவில்லை, அந்தச் சிகிச்சை பெற்றவர்களின் பார்வை மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. நேபாளத்தில் வேறொரு குழு எதிர்த் திசையில் போனது. நாட்டமைசின் கிடைக்காத ஏழை நாடுகள் பல. மலிவான கிருமிநாசினியான கிளோர்ஹெக்சிடினைச் சொட்டு மருந்தாகக் கொடுத்தால் போதுமா என்று 354 பேரிடம் பார்த்தார்கள். 2022இல் வந்த விடை அங்கும் நாட்டமைசினுக்கே சாதகம்.

விலை கூடியதும் தோற்றது, குறைந்ததும் தோற்றது. வேண்டுமானால் இதை ஆராய்ச்சியின் தோல்வி என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தச் சோதனைகள் நடக்காமல் இருந்திருந்தால், பணம் உள்ள நோயாளி இன்றைக்கு விலை உயர்ந்த மருந்தை வாங்கிக் கண்ணை இழந்துகொண்டிருப்பார். நீங்களும் "செலவுக்குத் தயார்" என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்! 2017இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நாட்டமைசினைச் சேர்த்தது. அதே நிறுவனம் 2022 அக்டோபரில் முதன்முறையாக வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில், 19 பூஞ்சை வகைகளில் ஒன்றாக, இரண்டாம் படியில் ஃபியூசேரியம் இருக்கிறது. இரத்தப் புற்றுநோயாளிகளின் உடல் முழுவதும் பரவும் அதன் கொடுமைக்காகவே அந்த இடம் என்றாலும், கண்ணில் பார்க்கிற எங்களுக்கும் அது பழக்கமான பெயர்.

நாட்டமைசின் வென்றது என்பதால் அது நல்ல மருந்து என்றாகிவிடாது. இருப்பதில் நல்லது, அவ்வளவுதான். முற்றிய புண்ணோடு வருகிறவர்களில் பலருக்கு அதைக் கொடுத்தும் கருவிழி கரைந்துபோகிறது. எனவே உண்மையான ஆதாயம் மருந்துக்கு முந்தைய நாள்களில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியதும் அந்த இடம்தான்: மருந்துக்கடையில் வாங்கிய "ஏதோ சொட்டு மருந்து".

கண் சிவந்தால் கடையில் எடுத்துத் தரும் பல சொட்டு மருந்துகளில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். விட்டதும் சிவப்பும் வலியும் குறையும். நோயாளிக்கு மகிழ்ச்சி, கடைக்காரருக்கு நல்ல பெயர். ஆனால் பூஞ்சையை எதிர்த்து நிற்கும் உடலின் காவலை ஸ்டீராய்டு கட்டிப்போட்டுவிடுகிறது. புண் ஓசையில்லாமல் உள்ளே இறங்குகிறது. அந்தக் குப்பி வீட்டில் இருந்தால் நாளையே மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். வெறும் ஆன்டிபயாட்டிக்கா, ஸ்டீராய்டு கலந்ததா என்பது அவருக்கு முக்கியமான தகவல். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையாவது விட்டிருந்தாலும் மறைக்க வேண்டாம். நாக்கால் கண் தூசி எடுக்கும் பாட்டிகள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அதையும் சொல்லலாம், யாரும் திட்டமாட்டார்கள். திட்டினாலும் கண்ணுக்காகக் கேட்டுக்கொள்ளலாம்.

கண்ணால் பார்த்தே பூஞ்சை என்று சொல்லிவிட முடியாதா? இறகு போல் பிசிறான விளிம்பு, வறண்ட மேடான பரப்பு, சுற்றிலும் சிறு புள்ளிகள் என்று பாடநூல் அடையாளங்கள் உண்டு. ஆனால் கருவிழி நிபுணர்களிடம் புண்களின் படங்களை மட்டும் காட்டிப் பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்டபோது, நூற்றுக்கு 66 முறைதான் சரியாகச் சொன்னார்கள். இது 2012இல் வந்த ஆய்வு. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும்! கணினிக்கு ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கும் வேலை இப்போது நடக்கிறது. நிபுணர்களைவிடச் சற்று மேலாகவே அது கண்டுபிடிக்கிறது. ஆனாலும் புண்ணை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு இணையாக எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. மற்ற செல்களெல்லாம் கரைந்து தெளிந்துவிடும்; பூஞ்சை இழைகள் மட்டும் கிளைவிட்டுத் தெரியும். சில நிமிட வேலை, மிகச் சொற்பச் செலவு. உங்கள் அப்பாவுக்கு முதல் நாளே பூஞ்சை என்று சொன்னார்கள் என்றால் அநேகமாக இப்படித்தான் கண்டுபிடித்திருப்பார்கள். தாலுகா அளவில் இந்த ஒரு சோதனை கிடைத்தால் எவ்வளவோ கண்கள் தப்பும்.

தடுத்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை நேரானது அல்ல. நேபாளத்தின் பக்தபூரில் ஓர் ஆய்வு, 2001இல் வெளியானது. ஏறத்தாழ 35,000 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். கண்ணில் கீறல் பட்டவர்கள் ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடம் வந்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக் களிம்பு மூன்று நாள். அப்படி வந்த 442 பேரில், 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் கடந்து வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது. படித்தவுடன் யாருக்கும் எழுந்து நிற்கத் தோன்றும். மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் இதே முறையில் 374 பேருக்குச் செய்தார்கள். பாதிப் பேருக்கு ஆன்டிபயாட்டிக்கோடு பூஞ்சைக்கு எதிரான களிம்பும் சேர்த்து, மீதிப் பேருக்கு ஆன்டிபயாட்டிக் மட்டும். இரண்டு பிரிவிலும் ஓரிருவர் தவிர எல்லோருக்கும் கீறல் நலமாக ஆறியது.

ஆனால் இந்த இரண்டு ஆய்விலும் ஓர் ஓட்டை உண்டு. மருந்தே கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாது. பெரும்பாலான கீறல்கள் தாமாகவே ஆறிவிடும். தாமதமாக வந்தவர்கள் வலி கூடியதால்தான் வந்திருப்பார்கள், அதாவது ஏற்கெனவே புண் தொடங்கியவர்களாக இருக்கலாம். இதை முறையாகத் தீர்க்க நேபாளத்தில் 24 ஊராட்சிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். பாதி ஊர்களில் தன்னார்வலர்கள் மூலம் களிம்பு, மீதியில் வழக்கமான ஏற்பாடு. 2022இல் வந்த முடிவில், இரண்டு வகை ஊர்களிலும் கருவிழிப் புண் ஏறக்குறைய ஒரே அளவு. இந்த முடிவு எனக்கு இன்னமும் கசக்கிறது. தனி ஆளுக்குக் களிம்பு உதவாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஊர் அளவில் எல்லோரும் உரிய நேரத்தில் வந்து சேராவிட்டால் திட்டம் பலிக்காது என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது.

ஆகவே உங்கள் அப்பாவுக்கு நிச்சயம் தடுத்திருக்கலாம் என்று சொல்லி உங்களைக் குற்ற உணர்வில் தள்ளமாட்டேன். கதிர் அடிக்கும்போது ஒரு சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி போடலாம். வியர்வையில் அது மங்கும், தொந்தரவுதான். ஆனாலும் வீட்டில் மற்றவர்களுக்காவது வாங்கிக் கொடுங்கள். கண்ணில் ஏதாவது பட்டு அன்று மாலையும் கரித்தால் மறுநாள் காலை மருந்துக்கடைக்குப் பதில் கண் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

இனி வரும் நாள்களில் ஒன்றைக் கவனியுங்கள். மருந்து தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில் மருத்துவர் மறுபடியும் புண்ணைச் சுரண்டி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பலாம். நாட்டமைசினையும் வோரிகோனசோலையும் ஒப்பிட்ட 323 பேர் சோதனையில் நடந்ததைத் திரும்ப ஆராய்ந்தபோது, ஆறாம் நாளும் பூஞ்சை வளர்ந்தவர்களுக்குத்தான் பிறகு கருவிழி ஓட்டையாவது அதிகமாக இருந்தது. அந்த அறிக்கை மோசமாக வந்தால் கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். அந்த நேரத்தில் செய்யும் மாற்று, பார்வைக்காக அல்ல. தொற்று பிடித்த பகுதியை வெட்டி எடுத்துக் கண்ணைக் காப்பாற்றுவதற்காக. பார்வைக்கான மாற்று, எல்லாம் ஆறிய பிறகு தனியாகச் செய்வது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "பார்வையே வராதாம், பிறகு எதற்கு அறுவைச் சிகிச்சை?" என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. அப்பாவிடம் அதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.